பாட்டுக் கோஷ்டிக்குப் படியளந்தது யார்?

(ஆலைத் தொழிலாளர் படிப்பகம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கிரேக்க நாடகத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பகலெல்லாம் தறியோடும் மண்வெட்டியோடும் மல்லாடிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முந்திய சமாச்சாரம் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நான் காவிய நயம் பேச வரவில்லை. ஆடியவன் யார், பாடியவன் யார், பணம் போட்டவன் யார், உட்கார்ந்து பார்த்தவன் யார் என்ற கணக்கைத்தான் பார்க்கப் போகிறோம். கூலிக் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கும் புரியும்.

ஏதென்ஸ் நகரத்தின் நடுவே அக்ரோபோலிஸ் என்று ஒரு குன்று. அதன் தெற்குச் சரிவிலே ஜனங்கள் உட்காருவார்கள். கீழே ஆடுகளம். அதற்குப் பெயர் 'ஆர்க்கெஸ்ட்ரா'. ஆடுகிற இடம் என்று பொருள். இன்று வாத்தியக்காரர்களைக் குறிக்கிறதே, அதே சொல்தான். களத்துக்குப் பின்னால் வேஷம் மாற்ற ஒரு கூடாரம், 'ஸ்கேனே'. நாம் 'சீன்' என்கிறோமே, அது அந்தக் கூடாரத்திலிருந்து வந்ததுதான். வசந்த காலத்தில் டயோனிசஸ் என்ற மதுக் கடவுளுக்குத் திருவிழா எடுத்து, அங்கே நாடகப் போட்டி நடத்தினார்கள்.

அந்த நாடகத்தில் முக்கியமானவன் கதாநாயகன் அல்ல, பாட்டுக் கோஷ்டி. ஆரம்பத்தில் நடிகன் ஒரே ஒருவன்தான். இரண்டாமவனை எஸ்கிலஸ் கொண்டு வந்தார், மூன்றாமவனை சோபோக்ளிஸ் கொண்டு வந்தார். கோஷ்டியிலோ சோக நாடகத்துக்கு முதலில் 12 பேர், பிறகு 15 பேர். ஹாஸ்ய நாடகத்துக்கு 24 பேர். முகமூடி அணிந்து, இரட்டைக் குழல் வாசிப்பவனைச் சுற்றி, ஆடிக்கொண்டே பாடுவார்கள். இவர்கள் கூலிக்கு மாரடிக்கும் தொழில்முறைக் கூத்தாடிகள் அல்ல. நகரத்தின் சாதாரணப் பிரஜைகள். மாதக் கணக்கில் ஒத்திகை பார்ப்பார்கள்.

அதுவரை சாப்பாட்டுக்கு என்ன வழி? இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் நகர அதிகாரி பணக்காரர்களில் ஒருவரைப் பிடித்து, 'இந்தக் கோஷ்டியின் செலவு உன் பொறுப்பு' என்று கட்டிவிடுவார். அது ஒரு மாதிரி வரி. சாப்பாடு, துணிமணி, வாத்தியார் சம்பளம் எல்லாம் அவர் தலையில். லைசியஸ் எழுதிக் கொடுத்த ஒரு கோர்ட்டுப் பேச்சு இன்றும் இருக்கிறது. அதில் ஒரு பணக்காரர், தாம் ஒரு சோக நாடகக் கோஷ்டிக்கு 3,000 திராக்மா செலவழித்ததாகச் சொல்லிக்கொள்கிறார். அதே காலத்தில் அதே குன்றின்மேல் எரெக்தியம் கோயிலைக் கட்டினார்கள். அதன் கூலிக் கணக்கைக் கல்லிலே வெட்டி வைத்திருக்கிறார்கள். கொத்தனுக்கும் தச்சனுக்கும் நாள் கூலி ஒரு திராக்மா. ஆக ஒரு நாடகக் கோஷ்டியின் செலவு, ஒரு தொழிலாளி எட்டு வருஷத்துக்கு மேல் ஒரு நாள்கூட ஓயாமல் உழைத்துப் பெறும் கூலி!

பணக்காரர்களுக்கு வயிறு எரிந்தது. அந்தக் காலத்துப் பெரிய மனிதர் ஒருவர், பெயர் போடாமல் எழுதிய ஒரு பிரசுரம் கிடைத்திருக்கிறது. பாடவும் ஆடவும் கப்பலோட்டவும் காசு வாங்கிக்கொண்டு ஏழைகள் கொழிக்கிறார்கள், பணக்காரன் இளைக்கிறான் என்று அதிலே புலம்புகிறார். புலம்பட்டும்.

கி.மு. 472-இல் எஸ்கிலஸ் 'பாரசீகர்' என்ற நாடகத்தைப் போட்டார். கோஷ்டிச் செலவு, பின்னாளில் பெருந்தலைவரான பெரிக்ளீஸுடையது. எட்டு வருஷத்துக்கு முன்பு சலாமிஸ் கடலிலே பாரசீகக் கப்பல் படையை முறியடித்தார்களே, அதுதான் கதை. அந்தக் கப்பல்களிலே துடுப்புப் போட்டவர்களில் பெரும்பாலோர் நிலபுலமில்லாத ஏழைகள். அவர்களே சரிவில் உட்கார்ந்து தங்கள் சண்டையைப் பார்த்தார்கள். எதைப் பார்த்தார்கள் தெரியுமா? எதிரியின் அரண்மனையில் எழுந்த அழுகையை! மேடையில் இருந்தவர்கள் எல்லோரும் பாரசீகர்கள். ஜெயித்தவனை, தோற்றவனின் துக்கத்தைக் கேட்க வைத்த நாடகம் அது. பரிசும் அதற்கே கிடைத்தது.

டிக்கெட் இரண்டு ஓபல், அதாவது நாள் கூலியில் மூன்றில் ஒரு பங்கு. ஏழைக்கு அதுவும் பாரம் என்று சர்க்காரே காசு கொடுத்தது. பெரிக்ளீஸ் காலத்திலேயே தொடங்கியது என்று புளூட்டார்க் எழுதுகிறார். அடுத்த நூற்றாண்டில் அதற்கென்று தனி நிதியே இருந்தது.

உடனே ஏதென்ஸைச் சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். கோஷ்டியில் பெண்ணுக்கு இடமில்லை. பெண் வேஷமும் ஆண்தான். லாரியன் வெள்ளிச் சுரங்கத்தில் அடிமைகள் செத்துக்கொண்டிருந்தார்கள். நான் சொன்ன எரெக்தியம் கணக்கில் அடிமைக்கும் அதே ஒரு திராக்மாதான் எழுதியிருக்கிறது. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டவன் எஜமான்.

பிற்பாடு கோஷ்டி தேய்ந்தது. ஏதென்ஸில் ஜனநாயகம் கி.மு. 322-இல் நசுக்கப்பட்டது. அதற்கு முன்பே தேய ஆரம்பித்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். மெனாண்டர் நாடகங்களில் 'இங்கே கோஷ்டி' என்று ஒரு குறிப்பு மட்டும் இருக்கும், பாட்டு இருக்காது. இசையும் போய்விட்டது. யூரிபிடிஸின் 'ஓரெஸ்டிஸ்' பாட்டு ஒன்றுக்கு ஸ்வரக் குறி போட்ட கிழிந்த பாப்பிரஸ் துண்டு வியன்னாவில் இருக்கிறது. இது போன்ற சில துண்டுகள்தாம் மிச்சம்.

சரி, இன்றைய சங்கீத நாடகத்துக்கும் இதற்கும் என்ன உறவு? நேர் வாரிசு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்துப் பிரபுக்களும் வித்வான்களும் 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில், கிரேக்க நாடகம் முழுவதும் பாடியே நடத்தப்பட்டது என்று நினைத்தார்கள். அது தப்பு, பேச்சும் இருந்தது. அந்தத் தப்பிலிருந்துதான் ஆபெரா பிறந்தது! 1600-இல் 'யூரிடிசே' அரங்கேறியது பிரெஞ்சு அரசனின் கல்யாண விழாவில். ஊரார் சொத்தாக இருந்த பாட்டு அரண்மனைக்குள் போயிற்று. 1637-இல் வெனிஸில் டிக்கெட் வாங்கியவனுக்குக் கதவு திறந்தது. 1728-இல் லண்டனில் ஜான் கே திருடர்களையும் பிச்சைக்காரர்களையும் பாட வைத்தார். சரியாக 200 வருஷம் கழித்து பிரெஹ்டும் வைலும் அதே கதையை பெர்லினில் போட்டார்கள். நடுவே கேளிக்கைக் கொட்டகைப் பாட்டுகள், நீக்ரோ மக்களின் இசை எல்லாம் கலந்து நியூயார்க் பிராட்வேயின் 'மியூசிக்கல்' உருவாயிற்று.

அங்கே கோஷ்டி மறுபடி உயிர் பெற்ற ஒரு ராத்திரியைச் சொல்கிறேன். 1937 ஜூன் 16. மார்க் பிளிட்ஸ்டைன் எழுதிய 'தொட்டில் ஆடும்' என்ற நாடகம். ஓர் எஃகு ஆலை ஊரில் தொழிலாளர் சங்கம் கட்டும் கதை. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் சிகாகோவில் எஃகுத் தொழிலாளர் ஊர்வலத்தின் மேல் போலீஸ் சுட்டுப் பத்துப் பேர் மாண்டிருந்தார்கள். நாடகத்துக்குப் பணம் அமெரிக்க சர்க்காருடையது. திடீரென்று நிதி வெட்டு என்றார்கள், கொட்டகையைப் பூட்டினார்கள். திரை, உடை எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டன.

டைரக்டர் ஆர்சன் வெல்ஸும் தயாரிப்பாளர் ஹவுஸ்மனும் வேறு கொட்டகை பிடித்தார்கள். ஜனக்கூட்டம் இருபது தெருவுக்கு மேல் நடந்தே போயிற்று. இன்னொரு சிக்கல்: நடிகர் சங்கம் மேடை ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டது. ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து பாடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே! வெறும் மேடையில் ஒரு பியானோ. பிளிட்ஸ்டைன் தன்னந்தனியாக வாசித்துப் பாட ஆரம்பித்தார். ஜனங்களுக்கு நடுவிலிருந்து ஆலிவ் ஸ்டாண்டன் என்ற நடிகை எழுந்து பாடினார். பிறகு இங்கொருவர், அங்கொருவர். யார் நடிகர், யார் பார்க்க வந்தவர் என்று தெரியாமல் கொட்டகை முழுவதும் கோஷ்டியாகிவிட்டது.

அதே வருஷம் நவம்பரில் நியூயார்க் தையல் தொழிலாளர் சங்கம், 299 ஆசனங்கள் கொண்ட பழைய பிரின்சஸ் கொட்டகையை எடுத்து, 'குண்டூசியும் ஊசியும்' என்ற பாட்டு நிகழ்ச்சியை நடத்தியது. நடித்தவர்கள் துணி வெட்டுகிறவர்கள், மிஷின் தைக்கிறவர்கள். வேலை முடிந்தபின் ஒத்திகை, முதலில் வாரக் கடைசியில் மட்டும் நாடகம். கடைசியில் 1,108 தடவை நடந்தது. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டுப் பார்த்தார்.

2019-இல் பிராட்வேக்கு வந்த 'ஹேடஸ் டவுன்' பழைய ஆர்பியஸ் கதைதான். அதிலே பாதாள லோகத்து அரசன் ஓர் ஆலை முதலாளி. கோஷ்டியில் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் பெயர் இல்லை. 'தொழிலாளர்கள்' என்றுதான் போட்டிருக்கிறார்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள், தோழர்களே. ராத்திரி ஷிப்டுக்குப் போகிறவர்கள் முதலில் கேட்கட்டும்.