குறட்டையும் தைராய்டும்

பகலில் தூங்கி வழிகிறவரைச் சோம்பேறி என்று சொல்லிவிடாதீர்கள். கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி குறைவாகச் சுரந்தால் உடல் எடை கூடலாம். நாக்கு தடித்து, தொண்டைத் தசைகள் தளரலாம். உறங்கும்போது மூச்சுப்பாதை அடைபடும். பெருங்குறட்டை சட்டென்று நின்று, 10 விநாடி அல்லது அதற்கு மேலும் மூச்சு தடைபட்டு, திணறலோடு மறுபடியும் தொடங்கும். உறங்குகிறவருக்கு இது தெரியாது. அருகில் படுத்திருப்பவரே சாட்சி.

சோர்வும் எடையும் மறதியும் இரண்டு நோய்க்கும் பொதுவானவை. ஆகையால் ஒன்று மற்றொன்றை மறைத்துவிடும். தைராய்டு குறைவை இரத்தப் பரிசோதனை காட்டிவிடும். தைராக்சின் மாத்திரையால் சிலருக்கு மூச்சுத்தடையும் குறைகிறது. குறையாதவர்களுக்குத் தூக்கப் பரிசோதனையும், தேவைப்பட்டால் காற்றழுத்த முகமூடியும் வேண்டும்.

எனவே, ஒருவரைக் குற்றப்படுத்துமுன் அவர் உறங்குவதைக் கவனியுங்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.