‘மாவட்ட வாரியா ஒரு லிஸ்ட் வேணும்’

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



இங்கே கணினி அறிவியல் படித்துவிட்டு, மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் நான். மேடைப் பேச்சு பழக்கமில்லை. நான் பட்ட பாடு ஒன்றைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

2020-இல் ஒரு விற்பனை நிறுவனத்தில் ஒரே வரியில் கேட்டார்கள்: ‘மாவட்ட வாரியா ஒரு விற்பனை லிஸ்ட் வேணும்.’ இதிலென்ன கஷ்டம்? இரண்டே நாளில் எழுதிக் கொடுத்துவிட்டேன். மாதக் கடைசியில் கள்ளக்குறிச்சி விற்பனைப் பிரதிநிதி போன் செய்தார். ‘சார், திருக்கோவிலூர் வியாபாரத்துல பாதி என் கணக்குல வரலை. இன்சென்டிவ் போச்சு!’

தேடிப் பார்த்தேன். நம்ம ஊர் 1993 வரை தென்னார்க்காடு மாவட்டம். பிறகு விழுப்புரம். 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி. பழைய வாடிக்கையாளர் முகவரிகளில் விழுப்புரம் அப்படியே இருந்தது. ஊர்ப் பெயரிலும் குழப்பம். சிலர் திருக்கோவிலூர் என்று எழுதுவார்கள், சிலர் திருக்கோயிலூர் என்று. நமக்கு இரண்டும் ஒன்று. கம்ப்யூட்டருக்கு இரண்டு ஊர். இந்த ஊரில் படித்த எனக்கே இது தோன்றவில்லை. அதுதான் வெட்கம்.

கேட்டவர் மேல் தப்பில்லை. ‘இதை வெச்சு யார் என்ன செய்யப் போறீங்க?’ என்று கேட்டிருந்தால், ‘இன்சென்டிவ் போடத்தான்’ என்று அன்றைக்கே சொல்லியிருப்பார். எந்த மாவட்டக் கணக்கு என்ற பேச்சும் அப்போதே வந்திருக்கும்.

எங்கள் தொழிலில் ‘யூசர் ஸ்டோரி’ என்று ஒன்று உண்டு. யாருக்கு, என்ன, எதற்காக என்று சின்ன அட்டையில் எழுதுவது. ரான் ஜெஃப்ரீஸ் என்பவர் 2001-இல் அதற்கு மூன்று அங்கம் சொன்னார்: அட்டை, உரையாடல், உறுதி செய்தல். நான் அட்டையோடு நின்றுவிட்டேன்.

இப்போதெல்லாம் மூன்று கேட்கிறேன். இது யாருக்கு, எதற்கு? போன மாதத்து நிஜமான பில் ஒன்று காட்ட முடியுமா? எதைப் பார்த்தால் ‘வேலை முடிஞ்சுது’ன்னு ஒத்துக்குவீங்க? பதிலை எழுதி அனுப்பி, ‘சரி’ என்று வந்த பிறகுதான் வேலையில் கை வைப்பேன்.

தம்பி தங்கைகளே, பரீட்சையில் கேள்வி முழுசாக அச்சடித்து வரும். வேலையில் பாதிக் கேள்விதான் வரும். மீதியைக் கேட்டு வாங்குங்கள். ‘இதுகூடத் தெரியாதான்னு நினைப்பாங்களோ’ என்று கூச்சப்படாதீர்கள். நான் அன்று கூச்சப்பட்டேன். அந்தப் பிரதிநிதிக்கு அந்த மாதப் பணம் அடுத்த மாதம்தான் கிடைத்தது.