குடிலுக்குள் நம் கழுதை

மன்னார்த் தீவின் கீரியில் வாடை எழும்பிவிட்டது. இரவில் பனையோலைகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தத்தைக் கேட்டாலே மார்கழி வந்தது தெரியும். கடல் குழம்பிக் கிடக்கும் நாட்களில் வள்ளங்கள் மணலில் ஏறியிருக்கின்றன. வாடிகளில் வலை பொத்துகிறார்கள். கோயில் வளவில் பாலன் குடிலுக்குக் கம்பு நடுகிறார்கள். மண்டபத்தில் நத்தார் ஒளிவிழா ஒத்திகை நடக்கிறது.

இந்தச் சில கிழமைகளில் நம் கரையில் எழுதப்படும் அளவுக்கு ஆண்டின் வேறெந்தக் காலத்திலும் எழுதப்படுவதில்லை. ஒளிவிழாவுக்கு நாடகம், பங்கு மலருக்குக் கவிதை, பத்திரிகையின் நத்தார் சிறப்பிதழுக்குச் சிறுகதை, மேடையில் ஏறும் நாலு வயதுப் பிள்ளைக்கு எட்டு வரிப் பாட்டு. எழுதுகிறவர்களில் அநேகர் தங்களை எழுத்தாளர் என்று சொல்லிக்கொள்வதில்லை. முன்பள்ளி ஆசிரியை, அருட்சகோதரி, மறைக்கல்வி படிப்பிக்கும் அக்கா, கடலுக்குப் போகாத நாளில் கொப்பியை விரித்து உட்காரும் ஒருவர். 'பண்டிகைக்கு எழுதினதுதானே' என்று இதையெல்லாம் ஒதுக்கிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. நம் பிள்ளை வாழ்க்கையில் முதன்முதலாக மனப்பாடம் செய்து, நாலு பேர் முன்னால் வாய் திறந்து சொல்லும் தமிழ், பெரும்பாலும் இந்தப் பண்டிகைத் தமிழ்தான். அதனால்தான் அதை உட்கார்ந்து, பொறுமையாக மதிப்பிட வேண்டும் என்கிறேன்.

இந்த ஆண்டு என் கைக்கு வந்த பிரதிகளை வாசித்தபோது ஒன்று திரும்பத் திரும்ப என்னை நிறுத்தியது. பனி. கூரையில் பனி குவிகிறது, பாதையைப் பனி மூடுகிறது, பாலகன் பனியில் நடுங்குகிறான். எழுதியவர்கள் எல்லோரும் மன்னார்த் தீவில் பிறந்தவர்கள். நம் மொழியில் பனி என்றால் விடியற்காலையில் ஓலை நுனியில் நிற்கிற ஈரம். முன்பனி, பின்பனி என்று இரண்டு பருவங்களுக்கே பெயர் வைத்தவர்கள் நாங்கள். ஐரோப்பியக் கரோல் பாட்டுகள் தமிழுக்கு வந்தபோது, அங்கே வானத்திலிருந்து உதிரும் வெண்பொருளுக்கும் இந்தச் சொல்லையே பிடித்துப் போட்டார்கள். இரண்டும் கலந்துபோயின. இப்போது கீரிப் பிள்ளை 'பனி' என்று மேடையில் சொல்லும்போது, தன் வீட்டு முற்றத்தில் கால் நனைக்கும் ஈரம் அதன் நினைவுக்கு வருவதில்லை. வாழ்த்து மட்டையில் பார்த்த படம்தான் வருகிறது.

டிக்கன்ஸ் 1843ஆம் ஆண்டு நத்தாருக்கென்றே ஒரு குறுநாவல் எழுதினார். அதில் வரும் புகைமூட்டமும் குளிரும் அவர் நடந்த லண்டன் தெருக்களுடையவை. டென்மார்க்கின் ஆண்டர்சன் 1845இல் தீக்குச்சி விற்கும் சிறுமியின் கதையை எழுதினார். அந்தக் குழந்தையைக் கொல்லும் குளிர் அவர் நாட்டுக் குளிர். அவர்களிடம் நாம் படிக்க வேண்டியது இதைத்தான். தம் வாசலில் இருந்ததை எழுதினார்கள்.

நம் வாசலில் என்ன இருக்கிறது? கழுதை இருக்கிறது, நேயர்களே. பஸ்ஸில் வந்து மன்னார்ப் பட்டினத்தில் இறங்குகிற வெளியூர்க்காரர் முதலில் வியந்து பார்ப்பது அதைத்தான். நமக்கு அது தெருவில் குறுக்கே நிற்கும் ஒரு சீவன். முந்திய காலத்தில் அராபிய வணிகர்கள் கொண்டுவந்து விட்டவை என்று சொல்வார்கள். உண்மையைச் சொன்னால், நற்செய்தியில் பாலன் பிறந்த இடத்தில் கழுதை கிடையாது. லூக்கா தீவனத் தொட்டியை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார். எருதும் கழுதையும் எசாயா இறைவாக்கினரின் முதல் அதிகாரத்திலிருந்து வந்து, பின்னாளில் மக்கள் பக்தியால் குடிலுக்குள் நுழைந்தவை. அப்படியானால், பெத்லகேம் கதைக்குள் மக்கள் தங்கள் கையால் சேர்த்த பிராணி அது. உலகத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்கு அது களிமண் பொம்மை. மன்னார்ப் பிள்ளைக்கு அது பள்ளிக்கூடம் போகிற வழியில் மழைக்கு ஒதுங்கி நிற்கிற, காது நனைந்த, கண்ணோரம் ஈ மொய்க்கிற உயிர். நிறைமாதப் பெண்ணை முதுகில் ஏற்றி நடந்த கழுதையைப் பற்றி எழுத எங்கள் பிள்ளைகளைவிட உரிமையுள்ளவர்கள் யார்?

இந்தமுறை வந்தவற்றுள் அதைத் தொட்ட ஒரு சிறுவர் கதை இருந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளை எழுதியது. கதைக்கட்டு தளர்ந்திருக்கிறது. நடுவில் சம்மனசு வந்து நீண்ட உபதேசம் செய்கிறது. அதை யாரோ பெரியவர் சேர்த்திருக்க வேண்டும். ஆனால் தொடக்கம் என்னை அசைத்துவிட்டது. இரவில் சந்தைப் பக்கம் காய்கறித் தோல் தேடும் ஒரு கழுதைக்குட்டி, ஒவ்வொரு வீட்டுக் குடிலாக எட்டிப் பார்த்து, உள்ளே தன்னைப் போல ஒன்று நிற்பதைக் கண்டு வியக்கிறது. வெளியே விரட்டுகிற அதே வீட்டுக்காரர் உள்ளே தன்னைப் பாலனுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாரே என்று அதற்கு விளங்கவில்லை. இதற்கு மேல் ஒரு வரியும் தேவையில்லை. அந்த உபதேசத்தை எடுத்துவிடுங்கள் என்று ஆசிரியையிடம் கேட்டிருக்கிறேன்.

தெய்வக் கதையை நம் மண்ணில் வைத்து எழுதுவது மரியாதைக் குறைவு என்று சிலர் தயங்குகிறார்கள். வீரமாமுனிவர் தயங்கவில்லை. இத்தாலியில் பிறந்த அவர் சூசையப்பரைத் தலைவராக வைத்து 3,615 பாடல்களில் தேம்பாவணி செய்தபோது, யூதேயா நாட்டுக்குள் தமிழ் வயலையும் தமிழ் மழையையும் கொண்டுவந்து நிறைத்தார். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் பெத்லகேமுக்கே குறத்தியை அழைத்துப் போய்க் குறவஞ்சி பாடினார். அந்தத் துணிச்சல் நம் எட்டு வரிப் பாட்டுக்கும் வேண்டும்.

குழந்தைப் பாட்டுக்கு வருவோம். ஈழத்தில் பண்டிகைக்கென்று எழுதப்பட்டவற்றுள், இன்றும் பிள்ளைகள் வாயில் உயிரோடு இருப்பது எது என்று கேட்டால் யோசிக்கவே வேண்டாம்: நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டு. 'தங்கத் தாத்தா' என்று நாம் அழைக்கிற அவர் 1953இல் மறைந்தார். தி. சதாசிவ ஐயர் வித்தியாதரிசியாக இருந்து குழந்தைப் பாடலுக்கு ஊக்கம் கொடுத்து, 1935இல் 'பிள்ளைப் பாட்டு' என்ற தொகுப்பை வெளிக்கொணர்ந்த காலத்துக் காற்று அது. அந்த ஆடிப்பிறப்புப் பாட்டை ஒருமுறை கூர்ந்து பாருங்கள். பிள்ளைக்கு முதலில் எது சந்தோசமோ அதில் தொடங்குகிறார். நாளைக்குப் பள்ளி விடுமுறை. பிறகு அடுப்படிக்குப் போய்விடுகிறார். பயறு வறுபடுகிறது, மா இடிபடுகிறது, தேங்காய் துருவப்படுகிறது, பனங்கட்டி சேர்கிறது, பலாவிலை பொறுக்க ஓடவேண்டியிருக்கிறது. பாட்டு முழுக்க வேலை. அன்பு, ஒற்றுமை, பண்பாடு என்ற சொற்களை அவர் பிள்ளையின் தலையில் கட்டவில்லை. கூழ் காய்ச்சக் கற்றுக்கொடுத்துவிட்டார். தாய் கூழை வார்க்கிற இடத்தில் நமக்கு வாய் ஊறுகிறது. அன்பு அங்கே தானாக நிற்கிறது.

இதோடு நம் நத்தார்ப் பாட்டுகளை வைத்துப் பார்த்தால் மனம் சங்கடப்படுகிறது. மானிடம், சமாதானம், ஒளி, விடியல், மீட்பு. எல்லாம் பெரிய சொற்கள், நல்ல சொற்கள். ஆனால் நாலு வயதுப் பிள்ளை அவற்றைக் கல் சுமப்பது போலச் சுமந்து மேடையைக் கடக்கிறது. நம் வீடுகளில் நத்தார்க் கிழமையில் என்னென்ன நடக்கிறது! அரியதரத்துக்குப் பாகு பதம் பார்க்கிறார்கள். கொக்கீஸ் அச்சு எண்ணெயில் இறங்குகிறது. குடிலுக்குக் கடற்கரை மணல் அள்ளி வருகிறார்கள், வைக்கோலுக்கு யாரோ பெருநிலத்துக்குப் போகிறார்கள். நட்சத்திரக் கூட்டுக்கு ஈர்க்கு வளைக்கும்போது அப்பாவின் கையில் வலைக் காயம் தெரிகிறது. இவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும் எட்டு வரி எழுதுங்கள். போதும்.

ஓசைக்கும் நாம் வெளியே போக வேண்டியதில்லை. கரைவலை இழுக்கும்போது பாடுகிற அம்பா இருக்கிறது. ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் கால் ஊன்றி, கயிற்றைப் பின்னிழுத்து, திருப்பிச் சொல்கிற அந்த ஓசையில் மூச்சு எங்கே முடிகிறதோ அங்கேதான் அடியும் முடியும். பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான சந்தம் எனக்குத் தெரியவில்லை. மேசையிலிருந்து எழுதினால் எதுகை கிடைக்கும். மணலில் நின்று எழுதினால் மூச்சு கிடைக்கும். இந்த ஆண்டு வந்த கவிதைகளில் ஒன்றே ஒன்று இந்த ஓசையை எடுத்திருக்கிறது, அதுவும் பாதியில் விட்டுவிட்டுப் புதுக்கவிதைக்குத் தாவிவிடுகிறது. எழுதியவர் அடுத்த ஆண்டு முழுவதையும் அம்பாவிலேயே முடிப்பார் என்று எதிர்பார்க்கிறேன்.

சிறுகதை. பண்டிகைக் கதைக்கென்று நம்மிடம் ஒரு வார்ப்பு இருக்கிறது. ஏழைப் பிள்ளை, புதுச் சட்டை இல்லை, பணக்கார வீட்டு வாசல், கடைசிப் பத்தியில் அந்த வீட்டு அம்மா மனம் மாறுகிறாள், மணி ஒலிக்கிறது. கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' கதையை வாசித்தவர்கள் இந்த வார்ப்பை மறுபடி தொடவே கூச வேண்டும். தீபாவளிக்கு முதல்நாள். வறுமை பிடித்த வீட்டுத் தாய், உடம்பெல்லாம் புண்ணோடு வந்து நிற்கும் அநாதைச் சிறுவனை உள்ளே எடுக்கிறாள். அவனுக்கும் எண்ணெய் வைத்து முழுக்காட்டுகிறாள். கட்டிக்கொள்ள ஒன்றும் இல்லாதபோது தன் கணவனுக்கென்று வைத்திருந்த துண்டை எடுக்கிறாள். அவன் பெயர் ராஜா. பக்கத்துப் பணக்கார வீட்டுக்கும் ஒரு 'ராஜா' விருந்தாளியாக வந்திருக்கிறார். அந்த வீட்டுப் பையன் பெருமை பேச, ஏழை வீட்டுச் சிறுமி எங்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறார் என்கிறாள். பணக்காரர் மனம் மாறுவதில்லை. ஏழைகளிடம் கொடுக்க இருந்தது; கொடுத்தார்கள். கிறிஸ்து பிறப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத அந்தத் தீபாவளிக் கதையைவிடச் சிறந்த நத்தார்க் கதையை நான் தமிழில் வாசித்ததில்லை.

நம் கரையிலும் கதைகள் கிடக்கின்றன. 1964ஆம் ஆண்டு நத்தாருக்கு இரண்டு நாள் முன்னர் அடித்த புயலில் எதிர்க்கரையில் தனுஷ்கோடி அழிந்தது. அந்நாளில் தலைமன்னாரிலிருந்து கப்பலேறிப் போய் இறங்கிய துறை அது. அந்த ஆண்டு மார்கழி 24 இரவு இக்கரை வீடுகளில் எப்படி விடிந்தது? குடிலில் விளக்கு ஏற்றினார்களா? அன்று பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று எழுபதைத் தொட்டுத் திண்ணையில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்டு எழுதிய சிறுகதை ஒன்றை நான் ஒவ்வொரு நத்தாருக்கும் தேடுகிறேன். எஸ். ஏ. உதயன் 'லோமியா', 'வாசாப்பு' என்று நாவல்கள் தந்து, மன்னார் வாழ்வு இலக்கியத்துக்குத் தாங்கும் என்று காட்டியவர். சிறுகதையில் அந்தக் கனம் இன்னும் வர வேண்டும்.

வாசாப்பு என்றதும், அந்தப் பெயரில் நாம் ஆடுகிற கத்தோலிக்கக் கூத்து நினைவுக்கு வருகிறது. பத்திரிகையும் மலரும் வருமுன்னரே நமக்குப் பண்டிகை எழுத்து இருந்தது. பாலனைத் தேடி வந்தவர்களைப் பற்றிய கூத்துப் பிரதியைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பதிப்பித்தார், 'மூவிராசாக்கள் நாடகம்' 1966இல் அச்சில் வந்தது. மத்தேயு அவர்களை ஞானிகள் என்கிறார், எத்தனை பேர் என்று சொல்லவில்லை. நம் மக்கள் மூன்று பேருக்கும் முடி சூட்டி, ஒவ்வொருவருக்கும் வரவுப் பாட்டுக் கொடுத்து, மேடையில் சுழன்று வரச் செய்தார்கள். ஒளிவிழாவில் பத்து நிமிட நாடகம் எழுதுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை. ஓர் இராசாவின் வரவை மட்டும் எடுத்து, அண்ணாவியார் ஒருவரை வைத்துப் பிள்ளைகளுக்குப் பழக்கினாலே மேடை நிறைந்துவிடும்.

நத்தாருக்கு முதல்நாள் இரவு, சாமப் பூசைக்குக் கோயில் மணி அடிக்கும் வரைக்கும், நம் வீடுகளில் இரண்டு மணித்தியாலம் சும்மா கிடக்கிறது. பிள்ளைகள் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கசங்கிவிடும் என்று உட்காரவும் மாட்டாமல், தூங்கவும் மாட்டாமல் நிற்பார்கள். இந்த ஆண்டு அந்த நேரத்தில் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, அழகிரிசாமியின் கதையை யாராவது உரத்து வாசியுங்கள். வீட்டில் அப்பப்பா எழுதி வைத்த வாசாப்புக் கொப்பி இருந்தால், பெட்டியைத் திறந்து அதில் ஒரு வரவுப் பாட்டைப் பாடச் சொல்லுங்கள். பிறகு பிள்ளைகள் எழுதினதை வாசிக்கச் சொல்லுங்கள். அந்தக் கழுதைக்குட்டிக் கதை எழுதிய பிள்ளை, கோயில் குடிலுக்கு முன்னால் நின்று அதை வாசிக்க ஒத்துக்கொண்டிருக்கிறாள். உபதேசத்தை எடுத்துவிட்டாளாம். நானும் போய்க் கேட்கப் போகிறேன்.