ஜெராக்ஸ்தானே என்று கொடுத்தேன்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

நான் பத்தாவது வரை படித்தவள். மைக் பிடிப்பது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தால் பொறுத்துக்கோங்க. தொழில் செய்கிற பெண்கள் வரி நம்பரை எப்படிப் பாதுகாக்கணும்னு 10 நிமிஷம் பேசச் சொன்னாங்க. இந்தத் தலைப்பை எனக்கு ஏன் கொடுத்தாங்கன்னு எங்க குழுவுக்குத் தெரியும். மற்றவங்களுக்காக முதலிலிருந்து சொல்றேன்.

2022-ல் சத்துமாவும் இட்லிப் பொடியும் அரைத்து விற்க ஒரு சின்ன அரவை மெஷின் வாங்கணும்னு எனக்கு ஆசை. எங்க தெரு அக்கா ஒருத்தங்க டவுனிலிருந்து ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்தாங்க. பெண்களுக்கு மானியக் கடன் வாங்கித் தர்றேன், ஆதார், பான் கார்டு ஜெராக்ஸ், 2 போட்டோ, கரண்ட் பில் போதும்னார். 9 பேர் கொடுத்தோம். பான் கார்டு இல்லாத 3 பேருக்கு அவரே செலவு பண்ணி எடுத்துக் கொடுத்தார். எவ்வளவு நல்ல மனுஷன்னு மோர் கொடுத்து அனுப்பினோம். ஜெராக்ஸில் கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டோம். மறுநாள் போன் வந்தது. "போனில் ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லும்மா." அடுப்பில் குழம்பு கொதிச்சிட்டு இருந்தது. சொன்னேன். அரை மணி கழிச்சு இன்னொரு நம்பர். அதையும் சொன்னேன்.

மெஷினும் வரல, கடனும் வரல, அவர் போனும் எடுக்கல. போனது ஜெராக்ஸ் காசுதானேன்னு மறந்துட்டோம்.

2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை தொடங்கினாங்க. தெருவில் எல்லாருக்கும் 1000 ரூபாய் வந்த மெசேஜ். எனக்கு மட்டும் நிராகரிப்பு. இ-சேவை மையத்தில் பார்த்த பொண்ணு, "அக்கா, உங்க பேர்ல ஜிஎஸ்டி கம்பெனி இருக்குன்னு காட்டுது"ன்னா. நான் சிரிச்சுட்டேன். 50 லட்சத்துக்கு மேல் வியாபாரம் செய்து ஜிஎஸ்டி கட்டுறவங்களுக்கு அந்தத் தொகை கிடையாது. நான் விற்கிறது கால் கிலோ பாக்கெட். மேல்முறையீடு செய்ய 30 நாள் இருந்தது. "கம்ப்யூட்டர் தப்பா இருக்கும், ஆயிரம் ரூபாய்க்கு எதுக்கு அலையற"ன்னு வீட்டுக்காரர் சொன்னார். நானும் விட்டுட்டேன். ஜெராக்ஸ் கொடுத்ததை விட இதுதான் நான் செய்த பெரிய தப்புன்னு இப்போ நினைக்கிறேன். அன்றைக்கே கேட்டிருந்தா பாதியிலேயே நின்னிருக்கும்.

அடுத்த வருஷம் தபால்காரர் ஒரு ரிஜிஸ்டர் தபால் கொடுத்துட்டுப் போனார். என் பேரோடு 'டிரேடர்ஸ்'னு சேர்த்து எழுதியிருந்தது. பழைய இரும்பு வாங்கி விற்கிற கம்பெனியாம். நான் பார்க்காத ஊரில், நான் பார்க்காத கட்டடத்தில். கட்ட வேண்டிய வரி எவ்வளவுன்னு சைபரை விரல் வைத்து எண்ணினேன். 1 கோடியே 37 லட்சம். எங்க குழு தொடங்கின நாளிலிருந்து சேமித்ததையும் கடன் வாங்கினதையும் கூட்டினாலும் அந்தப் பக்கத்தில் நிற்காது.

அந்தக் கடிதத்தை 11 நாள் அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருந்தேன். வீட்டில் சொன்னா அடிப்பாரோன்னு இல்லை, அவர் அப்படிப்பட்டவர் இல்லை. ஊரில் 'கோடிக்காரி'ன்னு சொல்லிச் சிரிப்பாங்களேன்னு பயம். போலீஸ் வருமோன்னு பயம். தெருவில் பைக் சத்தம் கேட்டா வயிறு கலங்கும். 12-வது நாள் சேமிப்புக் கூட்டத்தில் சந்தாவை நீட்டும்போது அழுதுட்டேன். எங்க ஊக்குநர் கடிதத்தை வாங்கி முதலில் தேதியைத்தான் பார்த்தா. பதில் கொடுக்க அதில் நாள் குறித்திருந்தாங்க. பதிலே கொடுக்காம விட்டா அவங்க போட்ட தொகையே முடிவாகி, வங்கிக் கணக்கை முடக்குற வரைக்கும் போகலாம். அழுது கரைத்த 11 நாளும் அந்தக் கணக்கில்தான் போயிருந்தது.

அங்கேயே உட்கார்ந்து ஜிஎஸ்டி இணையதளத்தைப் போனில் திறந்தா. அதில் பான் நம்பரைப் போட்டுத் தேடும் வசதி இருக்கு. பாஸ்வேர்டு வேண்டாம், காசு வேண்டாம். நம்ம பானை வைத்து எந்தெந்த மாநிலத்தில் ஜிஎஸ்டி பதிவு வாங்கியிருக்காங்கன்னு வந்துடும். எனக்கு 2 வந்தது. ஒண்ணு 33-ல் தொடங்கியது, ஒண்ணு 29-ல்.

இதைக் கொஞ்சம் விளக்கணும். ஜிஎஸ்டி நம்பர் 15 எழுத்து. முதல் இரண்டு மாநிலம். 33 நம்ம தமிழ்நாடு, 29 கர்நாடகா. அடுத்த 10 எழுத்து நம்ம பான் நம்பர் அப்படியே. அதனால் ஒரு பில்லைப் பார்த்தாலே பான் நம்பர் தெரிஞ்சுடும். கடைப் பெயர்ப் பலகையிலும் ஜிஎஸ்டி நம்பரை எழுதி வைக்கணும்னு சட்டமே இருக்கு. அப்போ நம்பரை முந்தானையில் முடிஞ்சு வைக்க முடியாது. ஊருக்கே தெரியற நம்பர் அது. பூட்டி வைக்க வேண்டியது கையெழுத்துப் போட்ட காப்பி, ஓடிபி, பாஸ்வேர்டு. நான் அந்த ஆளுக்குக் காப்பியையும் கொடுத்தேன், ஓடிபியையும் வாயாலேயே சொன்னேன்.

அதே இடத்திலேயே மற்ற 8 பேர் பானையும் போட்டுப் பார்த்தா. 5 பேர் பேரில் கம்பெனி இருந்தது. அந்த ஆளைக் கூட்டிட்டு வந்த அக்கா பேரிலும் இருந்தது. அந்த அக்காவைக் குழுவை விட்டு நீக்கணும்னு சிலர் சத்தம் போட்டாங்க. எனக்கும் கோபம் இருந்தது, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அவங்க போனில் அந்த ஆளோட நம்பரும் போட்டோவும் இருந்தது. புகாருக்கு அதுதான் உதவியது. எங்களோடு ஸ்டேஷனுக்கு முதல் ஆளாக வந்ததும் அவங்கதான்.

1930-க்குப் போன் செய்து சைபர் கிரைமில் பதிந்தோம். போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்து ரசீது வாங்கினோம். பான் நம்பரைத் தவறாகப் பயன்படுத்தியதாக ஜிஎஸ்டி இணையதளத்திலும் புகார் போட்டோம். அதையெல்லாம் சேர்த்து, எங்க குழுவின் தீர்மான நகலையும் வைத்து, வணிகவரி அலுவலகத்தில் எழுத்தில் பதில் கொடுத்தோம். அதிகாரி என் காப்பியை எடுத்துக் காட்டி, "இது உங்க கையெழுத்துதானேம்மா?"ன்னு கேட்டார். என் கையெழுத்துதான். எந்தக் காரியத்துக்குக் கொடுத்தேன்னு அதில் ஒரு வரி எழுதியிருந்தா, அந்தக் காகிதமே எனக்கு சாட்சி சொல்லியிருக்கும். அதில்லாததால் வாடகை ஒப்பந்தத்தில் இருப்பது என் கையெழுத்து இல்லைன்னு காட்டவே 7 தடவை பஸ் ஏறினேன். 7 நாள் கூலியும் போச்சு. கடைசியில் 33-ல் தொடங்கும் பதிவைத் தொடக்க தேதியிலிருந்தே ரத்து செய்தாங்க.

இப்போ நம்ம கூட்டமைப்பு விஷயம். பெரிய கடைகளுக்குச் சத்துமாவு போடணும்னு ஜிஎஸ்டி எடுத்திருக்கோம். சரக்கு விற்கிறவங்க, வருஷ விற்பனை 40 லட்சத்துக்குள் இருந்தா பொதுவா அது கட்டாயமில்லை, கடைக்காரங்க கேட்டாங்கன்னு எடுத்தது. என் கதைக்கு அப்புறம் நிர்வாகக் குழு அந்தப் பதிவை எடுத்துப் பார்த்தது. போன் நம்பர், இமெயில் இரண்டுமே பதிவு செய்து கொடுத்தவருடையது! அவர் மேல் குற்றம் சொல்லல, வேலை சுலபமாகட்டும்னு செய்திருக்கார். ஆனா ஓடிபி நமக்கு வராது, நோட்டீஸ் வந்தாலும் நமக்குத் தெரியாது. நம்ம பேரில் யாராவது பொய் பில் போட்டாலும் தெரியாது. இப்போ பொறுப்பாளர் போன் நம்பருக்கு மாற்றியாச்சு. நமக்கு சரக்கு விற்றதாக யார் யார் கணக்குக் காட்டியிருக்காங்கன்னு மாசா மாசம் இணையதளத்தில் வரும். அதை நம்ம கொள்முதல் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிறாங்க. பொறுப்பாளர் மாறினா நம்பரையும் பாஸ்வேர்டையும் அன்றைக்கே மாற்றணும். தேர்தல் முடிஞ்சு 3 மாசம் கழிச்சு ஞாபகம் வரக் கூடாது.

அப்புறம் காப்பி நோட்டு. எந்தக் காப்பி, யாருக்கு, எதற்கு, என்ன தேதி, வாங்கினவர் கையெழுத்து. காப்பியின் ஓரத்தில் எழுதினா வெட்டி எடுத்துடுவாங்க. எழுத்து மேலேயே குறுக்கே 2 கோடு போட்டு, 'இன்ன வங்கியில் கடன் விண்ணப்பத்துக்கு மட்டும்'னு தேதியோடு எழுதணும். எங்க மாமியார் நோட்டைப் பார்த்துட்டு, "பாத்திரக் கடன் கொடுத்தாலே எழுதி வைப்போம், பேரைக் கடன் கொடுத்துட்டு எழுதாம விட்டியே"ன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் வரல.

ஜெராக்ஸ் கடையில் கோணலாக விழுந்த காப்பியைக் கேட்டு வாங்கிக் கிழிங்க. கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை. ஆதாருக்கு கடைசி 4 எண் மட்டும் தெரியற காப்பி ஆதார் இணையதளத்தில் கிடைக்கும். அது போதும்ங்கற இடத்தில் அதையே கொடுங்க. நம்ம பேரில் வேற யாராவது கடன் வாங்கியிருக்காங்களான்னு பார்க்க சிபில் அறிக்கை வருஷத்துக்கு ஒரு தடவை இலவசம்.

29-ல் தொடங்கும் நம்பர் இன்னும் முடியல. கர்நாடக அலுவலகத்துக்கு 2 கடிதம் போட்டிருக்கேன், பதிலுக்குக் காத்திருக்கேன். இன்றைக்கு விழா முடிஞ்சதும் பந்தல் ஓரத்தில் எங்க ஊக்குநர் போனோடு உட்கார்ந்திருப்பா. பான் கார்டு கொண்டு வந்தவங்க சாப்பிடப் போகும் முன்னாடி தேடிப் பார்த்துட்டுப் போங்க. கார்டை அவ கையில் கொடுக்க வேண்டாம், நம்பரை நீங்களே அழுத்துங்க.