பாறை நிழலும் ஊர்ப் பொறுப்பும்

(எழுமலையில் சுற்றுவட்டார ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



எழுமலை என்னும் பெயரிலேயே மலை இருக்கிறது. ஆடு மாடு மேய்த்துப் பழகியவர்கள் இந்தக் கூட்டத்தில் பலர் இருப்பீர்கள். திடீரென்று மழை பிடித்துக்கொண்டால் குன்றின் மேலே துருத்தி நிற்கும் பாறையின் அடியில் ஒதுங்கியிருப்பீர்கள். வீடு கட்டக் கற்பதற்கு முன்பு மனிதனும் இத்தகைய பாறைகளின் அடியில்தான் ஒதுங்கினான். எழுதக் கற்பதற்கு முன்பு அவற்றின் சுவர்களில்தான் படம் வரைந்தான். அத்தகைய இடம் ஒன்றை அண்மையில் கண்டு வந்தோம். அதனைப் பற்றி உங்களிடம் பேசுவதற்குக் காரணம் உண்டு.

மதுரையிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் சாலையில், மேலூரைத் தாண்டி இருப்பது கருங்காலக்குடி. அங்குள்ள குன்றைப் பஞ்சபாண்டவர் குட்டு என்பார்கள். பாண்டவர்களுக்கும் அந்தக் குன்றுக்கும் தொடர்பில்லை. பாறையில் வழவழப்பாக வெட்டிய படுக்கைகளைக் கண்ட மக்கள், அவற்றைப் பாண்டவர்கள் வனவாசத்தில் படுத்த இடம் என்று எண்ணினர். உண்மையில் அவை சமண முனிவர்களுக்காக வெட்டப்பட்டவை. படுக்கைகளுக்கு மேலே ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முந்திய தமிழி எழுத்துக் கல்வெட்டு உள்ளது. பிற்காலத்தில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவமும் வட்டெழுத்தும் குன்றில் உள்ளன. இவை எல்லாவற்றுக்கும் முன்பே யாரோ சிலர் அதே பாறையில் வெண்ணிறக் கோடுகளால் உருவங்களை வரைந்து சென்றிருக்கின்றனர். ஒரு பாறையின் நிழலில் இத்தனை தலைமுறைகள் அடுத்தடுத்துத் தங்கியிருக்கின்றன.

அங்கே எங்களுக்கு ஒரு பாடம் கிடைத்தது. ஓவியம் மங்கலாக இருந்ததால், எங்களுடன் வந்த இளைஞர் ஒருவர் அதனைத் தெளிவாகக் காண விரும்பி, பாட்டிலிலிருந்த தண்ணீரைச் சுவரில் தெளிக்கப் போனார். நாங்களும் தடுக்கவில்லை. அருகில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஓடி வந்தார். “தம்பி, தண்ணீர் ஊற்றாதே. என் சிறு வயதில் பார்த்ததில் பாதிதான் இப்போது தெரிகிறது” என்றார். படித்தவர்கள் என்று போன நாங்கள் தலைகுனிந்து நின்றோம்.

அவர் சொன்னதே சரி. தண்ணீர் பட்டால் படம் சிறிது நேரம் பளிச்சென்று தெரியும். பிறகு தண்ணீர் பாறையின் உப்பைக் கரைத்து மேலே கொண்டு வரும். அந்த உப்பு படத்தின் மீது படிந்துவிடும். அடியில் தீ மூட்டினால் புகைக்கரி படியும். சூட்டில் பாறை சிம்பு சிம்பாக உதிரும். அருகில் வெடி வைத்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் பெரிதாகும். பெயின்டால் பெயர் எழுதினாலோ அதனை நீக்கவே முடியாது. பெயரைச் சுரண்டினால் ஓவியமும் சேர்ந்து போய்விடும்.

சட்டம் காக்காதா என்று நீங்கள் கேட்கலாம். மத்திய அரசின் 1958ஆம் ஆண்டுச் சட்டமும் தமிழக அரசின் 1966ஆம் ஆண்டுச் சட்டமும் உள்ளன. மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை கட்டடமும் சுரங்கமும் கூடா. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்பாடு உண்டு. ஆனால் இப்பாதுகாப்பு பட்டியலில் ஏறிய இடத்திற்கு மட்டுமே கிடைக்கும். பட்டியலில் ஏறாத பாறைக்கு ஊரார்தாம் காவல். அது இருக்கும் இடத்தை முதலில் அறிந்தவர்களும் ஊராரே. மத்தியப் பிரதேசத்துப் பீம்பேட்காவை வாகங்கர் என்னும் அறிஞர் 1957இல் கண்டறிந்தார் என்று நூல்கள் கூறும். அருகிலிருந்த ஊரார் அந்தக் குன்றுகளை அதற்கு முன்பே அறிந்திருந்தனர். 2003இல் அது உலக மரபுச் சின்னம் ஆயிற்று.

“பாறை சோறு போடுமா? குவாரி வந்தால் நாலு பேருக்குக் கூலி கிடைக்கும், ஊராட்சிக்கும் வருமானம் வரும்” என்று உறுப்பினர் ஒருவர் எங்களிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். கூலியை நாம் இகழவில்லை. ஆனால் வெட்டிய பாறை மீண்டும் வளராது. குன்றில் விழும் மழைநீர் ஓடை வழியே கண்மாய்க்கு வருகிறது. குன்று போனால் அந்த நீர் வரும் வழியும் போகும். இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மேலூருக்கு அருகிலுள்ள அரிட்டாபட்டி மக்கள் இக்கணக்கைப் பார்த்தவர்கள். அவர்கள் குன்றுகளிலும் தமிழிக் கல்வெட்டும் பாண்டியர் காலக் குடைவரைக் கோயிலும் உள்ளன. 2022 நவம்பரில் அப்பகுதியில் 193 எக்டேர் நிலம் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில் அவ்வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்திற்கு ஏலம் முடிந்த செய்தி வந்ததும், மக்கள் கிராம சபைகளில் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றினர். டிசம்பர் 9ஆம் நாள் சட்டமன்றமும் தீர்மானம் இயற்றியது. 2025 ஜனவரி 23ஆம் நாள் அந்த ஏலம் இரத்து செய்யப்பட்டது. கிராம சபைத் தீர்மானத்தின் வலிமைக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இனி நாம் செய்யக்கூடியவை நான்கு. முதலாவதாக, மேய்ப்பர்களையும் முதியோர்களையும் கேட்டு, நம் எல்லையில் படமோ எழுத்தோ படுக்கையோ உள்ள பாறைகளைக் குறித்து வைக்க வேண்டும். இரண்டாவதாக, அப்பட்டியலை வட்டாட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் எழுத்து மூலம் அனுப்ப வேண்டும். மூன்றாவதாக, அவ்விடங்களில் தீ மூட்டுவதும் பெயர் எழுதுவதும் தண்ணீர் ஊற்றுவதும் கூடாது என்று கிராம சபையில் தீர்மானித்து, பாறையைத் தொடாமல் தள்ளிப் பலகை நட வேண்டும். நான்காவதாக, பள்ளிப் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒருமுறையேனும் அழைத்துச் சென்று காட்ட வேண்டும். கண்ணால் கண்ட பிள்ளை கரியால் கிறுக்காது. இவற்றுக்குப் பெரும் பணம் வேண்டாம், மனம் வேண்டும்.

முடிக்குமுன் நம் பக்கத்துச் செய்தி ஒன்று. உசிலம்பட்டிக்கு அப்பால், விக்கிரமங்கலம் பக்கம், முதலைக்குளம் என்னும் ஊர் உள்ளது. அவ்வூர்க் குன்றிலும் தமிழிக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஓர் ஊரார் பெரிய குளம் ஒன்றை அமைத்த செய்தி அதில் கூறப்படுவதாக அறிஞர் படித்துள்ளனர். அந்தக் காலத்திலேயே ஊர் கூடிக் குளம் வெட்டியிருக்கிறது; அச்செய்தியைப் பாறையில் பதித்தும் வைத்திருக்கிறது. இன்று நீங்கள் செய்யும் ஊராட்சி வேலையின் பழைய பதிவேடு அந்தப் பாறைதான். நம் பதிவேட்டை நாமே கிழிப்போமா?

அடுத்த கிராம சபைக்கு நீங்கள் செல்லும்போது, உங்கள் ஊர்ப் பாறைகளின் பட்டியலும் உங்கள் கையில் இருக்கட்டும்.