குற்றக் கணக்கும் திறமைக் கணக்கும்

(ஒரு தொழிலாளர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



வேலை செய்யுமிடத்தில் மனிதனை முன்னுக்குக் கொண்டுவருவது எப்படி என்பதைப் பற்றி நான் பேசவேண்டுமென்று சங்கத்தார் கேட்டார்கள. நான் பட்டம் பெற்றவனல்ல. அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்த்துப் பிழைத்தவன். அனுபவத்தில் கண்டதையும் பிறகு படித்ததையும் சொல்லுகிறேன். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

எந்த ஆபீசுக்காவது ஆலைக்காவது போய், ஒரு சிப்பந்தியைப் பற்றிய ரிஜிஸ்டரைப் புரட்டிப் பாருங்கள். என்றைக்கு நேரங்கழித்து வந்தான், எத்தனை மெமோ வாங்கினான், எவ்வளவு அபராதம் கட்டினான் என்பதெல்லாம் தேதி வாரியாக இருக்கும். அவன் எந்த வேலையை மற்றவர்களைவிட நன்றாகச் செய்கிறான் என்பதற்கு ஒரு வரிகூட இருக்காது. முப்பது வருஷம் உழைத்தவனைப் பற்றி எஜமானனுக்குத் தெரிந்ததெல்லாம் அவனுடைய குற்றங்கள்தான். சந்தைக்கு மாடு வாங்கப் போகிறவன்கூட எத்தனை படி கறக்கும் என்று முதலில் கேட்டுவிட்டு, உதைக்குமா என்பதைப் பிறகுதான் கேட்கிறான். மாட்டுக்குள்ள அந்த மரியாதை மனிதனுக்கு இல்லை!

இதற்கு ஒரு திருஷ்டாந்தம் சொல்லுகிறேன். அமெரிக்காவில் 1861-ம் வருஷம் உள்நாட்டு யுத்தம் மூண்டது. தென் மாகாணத்தார் அடிமை முறையை விடமாட்டோமென்று பிரிந்து போனார்கள். அப்போது அங்கே சுமார் 40 லட்சம் பேர் அடிமைகளாக இருந்தார்கள். ஜனாதிபதி லிங்கன் சேனாதிபதிகளை ஒருவர் பின் ஒருவராக மாற்றிப் பார்த்தார். மக்கிளெல்லன் என்பவர் நன்றாகப் படித்தவர். பட்டாளத்தை ஒழுங்குபடுத்துவதில் கெட்டிக்காரர். ஆனால் சண்டைக்குப் போகச் சொன்னால் இன்னும் ஆள் வேண்டும், இன்னும் நாள் வேண்டும் என்பார்.

கிராண்ட் என்று இன்னொருவர் இருந்தார். அவருடைய ரிஜிஸ்டரைப் பார்த்தால் யாரும் வேலை கொடுக்கமாட்டார்கள். 1854-ல் பட்டாளத்தை விட்டு விலகியவர். விவசாயம் செய்து நஷ்டப்பட்டவர். யுத்தம் வருவதற்கு முன் தகப்பனாரின் தோல் கடையில் குமாஸ்தாவாக இருந்தவர். குடிகாரர் என்ற கெட்ட பேர் வேறு! ஆனால் லிங்கன் பார்த்தது இந்த ஆளுக்குச் சண்டையை முடிக்கத் தெரியுமா என்பதைத்தான். 1863 ஜூலை 4-ந் தேதி கிராண்ட் விக்ஸ்பர்க் கோட்டையைப் பிடித்தார். 1864 மார்ச்சில் எல்லாப் படைகளுக்கும் அவரையே தலைவராக்கினார் லிங்கன். 1865 ஏப்ரல் 9-ந் தேதி தென்னாட்டுச் சேனாதிபதி லீ அவரிடம் சரணடைந்தார். அவ்வருஷம் டிசம்பரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது.

அப்படியானால் குடித்தால் பரவாயில்லையா என்று கேட்பீர்கள். பரவாயில்லை என்று யாரும் விட்டுவிடவில்லை. ராலின்ஸ் என்ற உதவி அதிகாரி கிராண்டின் பக்கத்திலேயே இருந்து, அவர் குடிக்காதபடி கண்காணித்து வந்தார். இருக்கிற திறமைக்கு வேலை கொடுப்பது. இருக்கிற குறைக்குக் காவல் போடுவது. இந்த இரண்டும் சேர்ந்தால்தான் காரியம் நடக்கும்.

வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பீட்டர் டிரக்கர் என்ற அறிஞர், 1967-ல் வெளியிட்ட நிர்வாகப் புத்தகத்தில் இந்த லிங்கன் சங்கதியையே எடுத்துக் காட்டினார். நெப்ராஸ்கா சர்வகலாசாலையில் ஆசிரியராயிருந்த டொனால்ட் கிளிப்டன் என்பவர், மனிதனிடம் கெட்டுப்போனது எது என்றே ஆராய்கிறோமே, சரியாயிருப்பது எது என்று ஆராய்ந்தாலென்ன என்று ஆரம்பித்து, திறமைகளை 34 வகையாகப் பிரித்து ஒரு பரீட்சை ஏற்படுத்தினார். 2001-ல் அது புத்தகமாகவும் வந்தது. அவருடைய கேள்வி எனக்குப் பிடிக்கிறது. 34 என்ற கணக்கில் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. சோதிடனுக்கு 12 ராசி, இவருக்கு 34 என்று ஆகிவிடக்கூடாது. தன்னைப் பற்றித் தானே சொல்லும் பதிலை வைத்து முடிவு கட்டுவதைவிட, அவன் வேலை செய்கிற இடத்தில் நின்று பார்ப்பதே மேல்.

ஸ்தாபனங்களுக்கும் இப்படியே. 1980-ல் டேவிட் கூப்பர்ரைடர் என்ற மாணவர் கிளீவ்லாந்து நகரத்துப் பெரிய வைத்தியசாலை ஒன்றை ஆராயப் போனார். டாக்டர்களிடம் வெற்றி தோல்வி இரண்டையும் கேட்டார். வெற்றியைச் சொல்லும்போதுதான் விஷயம் அதிகமாகக் கிடைத்தது. அதன் பிறகு, நன்றாக நடந்தது எது, ஏன் நடந்தது என்று விசாரிப்பதையே ஒரு முறையாக்கி, 1987-ல் தம் ஆசிரியர் சுரேஷ் ஸ்ரீவஸ்தவாவுடன் சேர்ந்து கட்டுரை எழுதினார்.

இதைக் கேட்டவுடன் ஒரு பண்டிதர் எழுந்து, "இதைத்தானே எங்கள் சாஸ்திரம் குணத்திற்கேற்ற தொழில் என்று அன்றைக்கே சொல்லிற்று?" என்பார். ஐயா, உங்கள் சாஸ்திரத்திற்குப் பிள்ளை கண் திறப்பதற்கு முன்பே அதன் குணம் தெரிந்துவிடுகிறது! கிராண்டின் தகப்பனார் தோல் பதனிடுகிறவர். உங்கள் கணக்குப்படி மகன் சாகிறவரை தோல்தான் பதனிட்டிருக்க வேண்டும். திறமை என்பது செய்து பார்த்துத் தெரிவது. பிறப்பைப் பார்த்துத் தெரிவதல்ல.

என் சொந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். முப்பத்தைந்து வருஷங்களுக்கு முன் ஓர் அச்சுக்கூடத்தில் நான் எழுத்துக் கோர்த்தேன். கை மெதுவு. தினம் போர்மனிடம் திட்டு. வாரா வாரம் அபராதம். கையை வேகப்படுத்த இரண்டு வருஷம் போராடினேன். வேகம் வரவில்லை, வீட்டில் அரிசி குறைந்ததுதான் மிச்சம். பிறகு வந்த போர்மன் ஒரு நாள், "ஏம்பா, எந்த வேலை செய்யும்போது உனக்கு நேரம் போவதே தெரிவதில்லை?" என்று கேட்டார். பக்கத்து ஆள் கோர்த்ததில் பிழை பார்ப்பதுதான் என்றேன். அடுத்த வாரமே புரூப் பார்க்க உட்கார வைத்தார். பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகத்தில் விடைப் பக்கம் முழுவதும் ஓர் எண் தள்ளிப் போயிருந்ததை, அச்சேறுவதற்கு முன் பிடித்தேன். முதலாளி கூப்பிட்டு முதுகில் தட்டினார்.

ஆனால் தோழர்களே, தட்டினாரே தவிர கூலியைக் கூட்டவில்லை! "உனக்குத்தான் இந்த வேலையில் பிரியமாயிற்றே" என்றார். இந்தப் புதிய முறையில் இதுதான் ஆபத்து. திறமையைப் புகழ்ந்துவிட்டுக் கூலியை மறைப்பது, ஒருவனிடம் ஒரு திறமை கண்டதும் ஓய்வில்லாமல் அதையே கசக்கிப் பிழிவது, இரண்டும் நடக்கும். சங்கம் போய்க் கேட்ட பிறகுதான், எட்டு மாதம் கழித்து, புரூப் பார்ப்பவனுக்குரிய கூலி எனக்கு வந்தது.

ஆகவே செயலாளரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்திருக்கிறேன். கலைந்து போவதற்கு முன், ஒவ்வொருவரும் தன்னைப் பற்றியல்ல, தன் பக்கத்தில் நின்று வேலை செய்பவர் எதை நன்றாகச் செய்கிறார் என்பதை, பார்த்த சம்பவத்தோடு அதில் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர் சொன்னால் நான் எழுதுகிறேன். வருகிற மாதம் கூலிப் பேச்சுக்குப் போகும்போது, முதலாளி தன்னுடைய ரிஜிஸ்டரை எடுத்து வைப்பார். நாம் இதை எடுத்து வைப்போம்.