பழைய ரிமோட்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



இன்று ஒரு பாட்டுப் பெட்டியின் கதையைச் சொல்லப் போகிறேன். மறையுரையில் பாட்டுப் பெட்டிக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் முன்பு பணியாற்றிய கடலோரப் பங்கில் ஒரு விசைப்படகுக்காரர் இருந்தார். படகை ஓட்டுபவர் அவர். மகனும் அதே படகில்தான் தொழிலுக்குப் போனான். வீல்ஹவுஸில், அவர் தலைக்கு மேலே, கார்களில் இருக்குமே, அப்படி ஒரு ஸ்டீரியோ. தூக்கம் வராமலிருக்க அது வேண்டும் என்பார். எஞ்சின் இரைச்சலை மீறிக் கேட்க வேண்டுமல்லவா, சத்தமும் அதற்கேற்ப இருக்கும்.

ஒருநாள் மடி இழுக்கும்போது ஒரு தொழிலாளியின் கை விஞ்சுக் கயிற்றில் மாட்டிக்கொண்டது. அவர் போட்ட கூச்சல் வீல்ஹவுஸுக்குக் கேட்கவில்லை. மகன் ஓடிப்போய்ச் சொல்லித்தான் எஞ்சின் நின்றது. இரண்டு விரல் நசுங்கியதோடு போயிற்று. கையே போயிருக்கும்.

அன்றைக்கு வீட்டில் பெரிய சண்டை. “அந்தப் பெட்டியைப் பிடுங்கிக் கடல்ல போடுங்கப்பா” என்றான் மகன். “நீ பொறக்கும் முன்னாலயே நான் படகு ஓட்டுறவன்” என்றார் அப்பா. அதற்குப் பிறகு ஒரே படகில் போய் வந்தாலும் இருவருக்கும் பேச்சு இல்லை. “உங்கப்பாவுக்குச் சோறு வேணுமான்னு கேளு” என்று அம்மா மகனிடம் சொல்வார். அவன் கேட்க மாட்டான். கடைசியில் அம்மாவே எழுந்து போக வேண்டும்.

தடைக்காலம் வந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகுகள் கரையில். பெயின்ட் அடிப்பது, பலகை மாற்றுவது என்று எல்லா வேலையும் அப்போதுதானே நடக்கும். மகனுக்கு ஒரு யோசனை. பின்தளத்தில் நிற்பவர் கையில் ஒரு ரிமோட் இருந்தால், மடி இழுக்கும் நேரத்தில் பாட்டை நிறுத்திவிடலாம். டவுனுக்குப் போய்த் தண்ணீர் புகாத ஒயர்லெஸ் ரிமோட் ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கி வந்தான். அழுத்தினான், பாட்டு நிற்கவில்லை. பேட்டரியை மாற்றினான். பெட்டிக்கு முன்னால் போய் நின்று, பொத்தான் உள்ளே போய்விடும்போல அழுத்தினான். அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது.

எலக்ட்ரீஷியன் தம்பி ஒருவர் வந்து பார்த்தார். வேடிக்கை பார்க்கும் ஆசையில் நானும் படகில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். “ரிமோட்டும் நல்லாத்தான் இருக்கு, பெட்டியும் நல்லாத்தான் இருக்கு சாமி. ரெண்டுக்கும் பாஷைதான் வேற” என்றார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். பெட்டியின் முகப்பில் ஒரு சிறிய கறுப்புக் கண் இருக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை மட்டும்தான் அது பார்க்கும். அந்த ஒளியும் நொடிக்கு ஏறக்குறைய 38,000 தடவை துடிக்க வேண்டும். அதிலும் தன் கம்பெனிக்குரிய குறியீடு இருந்தால்தான் மதிக்கும். புது ரிமோட்டோ ஒளியையே அனுப்புவதில்லை, ரேடியோ அலையை அனுப்புகிறது. அதை வாங்கும் சிறு பெட்டியை ஸ்டீரியோவுக்குப் பின்னால் ஒரு தனி ஒயரில் இணைக்க வேண்டும். காரின் ஸ்டீயரிங்கில் இருக்கும் பொத்தான்களுக்காக விடப்படுகிற ஒயர் அது. இந்தப் பழைய ஸ்டீரியோவில் அந்த ஒயரே கிடையாது.

“அப்போ ஒண்ணும் செய்ய முடியாதா?” என்றேன். நடுவில் ஒரு கருவியை வைக்கலாம் என்றார். அது ரிமோட்டின் அலையை வாங்கி, ஸ்டீரியோவின் கண்ணுக்கு முன்னால் ஒளியாகச் சிமிட்டும். ஆனால் எப்படிச் சிமிட்ட வேண்டும் என்று அதற்கு முதலில் கற்றுக்கொடுக்க வேண்டும். ஸ்டீரியோவோடு வந்த பழைய ரிமோட்டால்தான் அது முடியும். “அது இருக்கா?” மகன் உதட்டைப் பிதுக்கினான்.

கீழே வலை பின்னிக்கொண்டிருந்த அப்பா எழுந்து வீட்டுக்குப் போனார். மாதா படத்துக்குப் பின்னால் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த ரிமோட்டோடு வந்தார். உள்ளே பேட்டரி கசிந்து பச்சை படிந்திருந்தது. உப்புத்தாளால் அவரே தேய்த்துக் கொடுத்தார். பொத்தானை அழுத்திக்கொண்டு கைபேசி கேமராவில் பார்த்தால், நுனியில் ஊதா நிறத்தில் ஒளி மினுக்கியது. உயிர் இருக்கிறது!

அடுத்த சிக்கல், பொத்தான்களில் இருந்த எழுத்தெல்லாம் தேய்ந்துவிட்டது. எது எதற்கு என்பது அப்பாவின் கட்டை விரலுக்கு மட்டும்தான் தெரியும்.

“இதுதானே சத்தத்தைக் குறைக்கிறது?” என்றான் மகன்.

“இல்ல மக்கா, அதுக்குக் கீழ.”

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர்கள் பேசிய முதல் பேச்சு அதுதான். நான் கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சிறுவன் சாமுவேலை ஆண்டவர் இரவில் அழைத்த நிகழ்ச்சி உங்களுக்குத் தெரியும். மூன்று முறையும் அவன் ஏலியிடம்தான் ஓடினான். அழைத்த குரலில் குறையில்லை, பையனின் காதிலும் குறையில்லை. அவனுக்குப் பழக்கமான குரல் ஏலியின் குரல் ஒன்றுதான். ஆண்டவரும் குரலை உயர்த்தவில்லை. கண் மங்கிய அந்தக் கிழவர்தான் நடுவில் நின்று, எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார். வந்தது தன் வீட்டுக்கே எதிரான செய்தி என்பது அப்போது அவருக்குத் தெரியாது. தெரிந்த பிறகும், ஒன்றையும் மறைக்காமல் சொல் என்றுதான் கேட்டார். ஏலியைப் பற்றி நாம் நல்லதாகப் பேசுவது குறைவு. இதற்காகவாவது பேச வேண்டும்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது கரையில் எச்சரிக்கை சொன்னார்கள். பல நாள் தங்கலுக்கு ஆழ்கடல் போயிருந்த நம் ஆட்களிடம் அதை வாங்கும் கருவி இல்லை. ‘சொன்னோமே’ என்ற வார்த்தையைக் கேட்டால் எனக்கு இன்றும் அந்த வீடுகள்தான் நினைவுக்கு வருகின்றன. நானும் பீடத்தில் நின்று, பிள்ளைகள் கேட்பதில்லை என்று ஒலிபெருக்கியை உயர்த்தியவன்தான். பேட்டரியை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

ஜூன் 15ஆம் தேதி கடலுக்குப் போய்த் திரும்பியதும் மகன் பங்கு இல்லத்துக்கு வந்தான். “ரிமோட் யார் கையில இருக்கு தெரியுமா சாமி?” விரல் நசுங்கிய அந்தத் தொழிலாளிதான் அதைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறாராம். மடி இழுக்கத் தொடங்கியதும் நிறுத்துவார், மடி ஏறியதும் அவரே மறுபடி போடுவார். எந்தப் பாட்டைப் போடுவது என்பதில்தான் இப்போது அப்பாவுக்கும் அவருக்கும் சண்டை.